நிலைக்கு எந்த மரம்: பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். நீ எடுப்பதில்லை. வேலை இருக்கும், சரி. எழுதி வைக்கிறேன், நேரம் கிடைக்கும்போது படி.

நிலைக்கும் கதவுக்கும் தேக்கா வேம்பா என்று கேட்டிருந்தாய். தேக்கு என்ற பெயரை நம்பி வாங்கிவிடாதே. கரையானுக்கு ஈடுகொடுப்பது நடுவில் இருக்கும் வைரம் பாய்ந்த பகுதிதான். ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளை, தேக்கே ஆனாலும் கரையானுக்குத் தீனி. இரண்டையும் சேர்த்தே அறுத்துக் கொடுப்பார்கள். சாயமும் பாலிஷும் ஏறிவிட்டால் எது எதுவென்று தெரியாது, அதனால் மரத்தை வெறுமையாகவே பார்த்து எடு. வேம்பின் கசப்பைப் பூச்சி அவ்வளவாக அண்டாது. ஆனால் சரியாகக் காயாத வேம்பு முறுக்கிக்கொள்ளும். எந்த மரமானாலும் காய்ந்ததா என்று பார்.

மாப்பிள்ளை தேக்குதான் என்று ஒரே பிடியாக நின்றாரே, இப்போது அவர் ஒன்றும் சொல்வதில்லையா? முதலில் அனுப்பிய வரைபடத்தில் மாடியில் அவருக்கென்று ஓர் அறை இருந்தது. புதியதில் காணோம். செலவைக் குறைத்திருப்பீர்கள்.

காய்வதைப் பற்றிச் சொல்ல வந்தேன். பச்சை மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் மரம் சுருங்கவே தொடங்கும். நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. மரத்தைக் குறுக்கே அறுத்தால் தெரியும் வளையத்தை ஒட்டிய போக்கில், மையத்தை நோக்கிய போக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். பலகை கோணிக்கொள்வது இதனால்தான். ஈரம் 20 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை பிடித்து மக்கும். வீட்டுக்குள் பொருத்துவதற்கு 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. முள் குத்தி ஈரம் பார்க்கும் மீட்டர் தச்சரிடம் இருக்கிறதா என்று கேள். மேலே குத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினால் விடாதே. ஒரு துண்டை அறுத்து, உள்ளேயும் குத்தச் சொல்.

அலமாரிக்கெல்லாம் தேக்கு வீண், ப்ளைவுட் போதும். சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே மட்டும் கொதிநீர் தாங்கும் ரகமாகப் போடு.

பின்பக்கக் கூரைக்கு உத்தரம் போடும்போது பக்கத்தில் இரு. அகலமான பக்கம் செங்குத்தாக நிற்க வேண்டும். அதே கனத்தில் உயரம் இரண்டு மடங்கானால் தாங்கும் பாரம் நான்கு மடங்கு. அடிப்பக்கத்தின் நடுவில் பெரிய கணு வரக்கூடாது, இழுவை முழுக்க அங்கேதான்.

அந்த உத்தரக் கணக்கை நீயே போட்டு, கொத்தனாரைத் திருத்தச் சொன்னாயாமே. சித்தப்பா சொன்னார். எனக்கு ஒரே பெருமை. ஆனால் சித்தப்பாவிடம் பேச நேரம் இருக்கிறது, எங்களிடம் பேச இல்லை. அம்மா கேட்டால் நீ வேலையாக இருக்கிறாய் என்றுதான் சொல்லி வருகிறேன். அறை விஷயம் அவளுக்குத் தெரியாது.

மரம் எடுக்கும் அன்று நான் வருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. மாப்பிள்ளை வந்தால் மூவரும் போவோம், இல்லாவிட்டால் நாம் இருவரும் போவோம். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். மரம் காய்ந்ததா என்று மட்டும் பார்ப்பேன். தேதியைச் சொல்.

அப்பா