சமூகப்பணிப் படிப்புக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறுகள் வெளியானதையொட்டிக் கலைப்பிரிவு மாணவர்களுக்கான கற்கைநெறிகளைத் தொகுத்து வெளியிட்டிருந்தீர்கள். சட்டத்துக்கு ஒரு பந்தி, ஊடகக் கற்கைக்கு ஒரு பந்தி. சமூகப்பணிக்கு மட்டும் ஒரே வரி: "சேவை மனப்பான்மை உள்ளவர்களுக்கு ஏற்றது." அதைப் படித்துவிட்டு எங்கள் தோட்டத்து மாமா ஒருவர் கேட்டார், "நாலு வருசம் படிச்சி நெவாரண அரிசி அளக்கவா போற புள்ள?" நான் மூன்றாம் வருடம் படிக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த முறை அவர் கையில் உங்கள் பத்திரிகை இருந்தது.

அரிசி கொடுப்பது சமூக சேவை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது பாயும் பால்மாவும் கொண்டு ஓடியவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அந்த லொறிகள் திரும்பிப் போன பிறகு தொடங்குவதுதான் சமூகப்பணி. பெற்றோரை இழந்த பிள்ளை யாரிடம் வளரும், அந்தப் பிள்ளையின் பெயரில் வரும் பணத்தை யார் பார்த்துக்கொள்வது, இராத்திரியில் அலறி எழுந்தால் யாரிடம் கூட்டிப் போவது என்பதெல்லாம் அப்போதுதான் வரும். இலங்கையில் இது நேற்று முளைத்த படிப்புமல்ல. இதற்கான பயிற்சி 1952இலேயே தொடங்கிவிட்டது. தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் 2005 முதல் இதை இளமாணிப் பட்டமாகவே நடத்துகிறது.

எங்கள் படிப்பில் வரும் சட்டமும் உளவியலும் விரிவுரை மண்டபத்தோடு போய்விடும். எங்களைப் பிழிந்தெடுப்பது களப்பயிற்சிதான். ஒருவரோடு அரை மணி நேரம் பேசினால் அதை எழுத ஓர் இரவு போகும். அவர் சொன்னது, நான் சொன்னது, அந்த நேரம் என் மனதில் ஓடியது என்று நிரல் பிரித்து எழுத வேண்டும். அழுதவரிடம் "அழாதீங்க" என்று சொல்லியிருந்தால், அதை யாருடைய வசதிக்காகச் சொன்னாய் என்று மேற்பார்வையாளர் ஓரத்தில் கேட்டிருப்பார். முதல் தடவை அந்தக் கேள்வியைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சென்ற வருடம் மலையக நகரம் ஒன்றிலுள்ள ஓர் அலுவலகத்தில் பயிற்சி. (ஆளை அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியே எழுதுகிறேன். இதுவும் படிப்பில் சொல்லித் தந்ததுதான்.) மகன் பள்ளிக்கூடம் போவதில்லை என்று ஓர் அம்மாவை அழைத்திருந்தார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு அப்படியே வந்திருந்தார். விரல் நுனியெல்லாம் கறுப்பு. இடது கையை மட்டும் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தார். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வீட்டில் பிரச்சினையா என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். "அவரு சம்பளத்தன்னிக்குக் கொஞ்சம் சத்தம் போடுவாரு. வேற ஒண்ணுமில்ல."

நான் சிங்களத்தில் சொன்னேன். உத்தியோகத்தர் "கணவன் மனைவி வாய்த்தர்க்கம்" என்று எழுதி மூடிவிட்டார். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. ஆனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவளுக்குத் தெரியும், பக்கத்துக் காம்பராவுக்குக் (அறைக்கு) கேட்பதை மட்டும்தான் எங்கள் பெண்கள் முதலில் சொல்வார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காதது எதுவோ, அது மூன்றாவது நான்காவது சந்திப்பில்தான் வரும். அந்தச் சந்திப்புகள் நடக்கவில்லை. அந்த அம்மா திரும்பி வந்து என்னைத் தேடியபோது என் பயிற்சிக் காலம் முடிந்திருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்று தொலைபேசி இலக்கங்களும் உண்டு. ஆனால் வீட்டை விட்டு வா என்று அந்த அம்மாவிடம் சொல்ல முடியுமா? காம்பரா கம்பனியுடையது, தோட்ட வேலையோடு ஒட்டியது. நலன்புரி உத்தியோகத்தரிடம் போகலாமே என்றால், அவருக்கும் சம்பளம் கொடுப்பது அதே நிர்வாகம். தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிப்பதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடையே 2018இல்தான் திருத்தப்பட்டது. நாட்டின் மற்ற இடங்களில் கிராம உத்தியோகத்தர் வீட்டு வாசலில் முடிகிற காரியத்துக்கு எங்கள் ஆட்கள் ஒருநாள் பேரை (நாட்சம்பளத்தை) விட்டு, பஸ் ஏறி, தெரியாத மொழியில் படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு அத்தியாயம் இல்லை.

ஆகவே மலையக மாணவர்களை மலையகத்திலேயே களப்பயிற்சிக்கு விடுங்கள் என்று கற்கைநெறியை நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். மேற்பார்வை செய்யத் தமிழில் வேலை செய்யக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். என்னை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்த நாட்களில் நான் மாணவியாக இருக்கவில்லை. அரசாங்கமும் பிரதேச செயலகங்களில் தமிழ் பேசும் சமூகப்பணிப் பட்டதாரிகளுக்கு இடம் வைக்க வேண்டும். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழிதான். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை.

உங்களிடம் கேட்பது சிறியது. அடுத்த வருடம் அந்தப் பட்டியலைப் போடும்போது "சேவை மனப்பான்மை" என்ற வரியை எடுத்துவிட்டு, களப்பயிற்சி உண்டு, எழுத்து வேலை அதிகம், சிங்களமும் ஆங்கிலமும் கொஞ்சமாவது வேண்டும் என்று போடுங்கள். இசட் புள்ளி (Z-score) குறைந்தவர்களுக்கு மிஞ்சியது என்று நினைத்து வருகிற பிள்ளைகள் முதல் தவணையிலேயே தடுமாறுகிறார்கள். மாமாவுக்கு நானே விளக்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சமூகப்பணி மூன்றாம் வருட மாணவி,
ஹட்டன்.