மலாவிக்கு கேம்ப் போடக் கிளம்புற டாக்டர்களுக்கு

சீனியர்களுக்கும் கூடப் படிச்சவங்களுக்கும் வணக்கம்.

டிசம்பர் லீவுல ரெண்டு வாரம் ஆப்பிரிக்கால இருக்கற மலாவி போய் இலவச கேம்ப் போடப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம்தான். ஆனா அங்க ஒரு மாவட்ட ஆஸ்பத்திரில பதினோரு மாசம் வாலண்டியரா குப்ப கொட்டுனவன்ங்கிற உரிமைல கொஞ்சம் பேசிடறேன், கோச்சுக்காதீங்க.

அங்க நோயாளிங்க கையில 'ஹெல்த் பாஸ்போர்ட்'னு ஒரு சின்ன நோட்டு இருக்கும். தடுப்பூசி, போன தடவ வந்த மலேரியா, ரத்தம் ஏத்துனது எல்லாம் அதுலதான். அம்மாங்க அத பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, இடுப்புல கட்டுற சிட்டெஞ்சே துணி மடிப்புல பத்திரமா சொருகியிருப்பாங்க. ஒரு தடவ வெளிநாட்டு டீம் ஒண்ணு பக்கத்து கிராமத்துல கேம்ப் போட்டுட்டுப் போச்சு. நாலு நாள் கழிச்சு ரெண்டு வயசுப் புள்ள வலிப்போட வருது, அம்மா 'மலுங்கோ, மலுங்கோ'ங்கறாங்க (காய்ச்சலுக்கும் மலேரியாவுக்கும் அங்க அதே வார்த்தைதான்), கையில பேர் எழுதாத கவர்ல நாலு வெள்ள மாத்திரை, நோட்டப் புரட்டுனா ஒரு வரி கெடையாது. என்ன மருந்து, எத்தன வேள குடுத்தாங்க, டெஸ்ட் எடுத்தாங்களா? யாரக் கேக்கறது, அவங்கதான் பிளைட் ஏறியாச்சே.

கடுமையான மலேரியாவுக்குப் போடற ஆர்ட்டிசுனேட் ஊசி போட நரம்பு கெடைக்காம நான் மூணு தடவ குத்திட்டு முழிக்கறேன். கிளினிக்கல் ஆபீசர் வந்து ஒரே குத்துல ஏத்திட்டு, என் சீட்டையும் திருத்துனார். 20 கிலோவுக்குக் கீழ இருந்தா கிலோவுக்கு 3 மில்லிகிராம், நான் பெரியவங்க கணக்குல 2.4 எழுதி வச்சிருந்தேன். புள்ள பொழச்சிருச்சு. அவர் எம்பிபிஎஸ் இல்ல, டிப்ளமோதான். அங்க மாவட்ட ஆஸ்பத்திரில நடக்கற சிசேரியன்ல பெரும்பாலானத அவர மாதிரி ஆளுங்கதான் பண்றாங்க. 'அவர்களுக்குப் பயிற்சி அளிப்போம்'னு உங்க நோட்டீஸ்ல பாத்ததும் சிரிச்சுட்டேன், சாரி.

நான் மட்டும் என்ன யோக்கியமா? வந்த புதுசுல காய்ச்சல்னு வந்த எல்லாருக்கும் செஃப்ட்ரையாக்சோன்ங்கிற ஆன்டிபயாட்டிக் ஊசிய எழுதித் தள்ளுனேன், ஒரு மாச ஸ்டாக் பன்னெண்டு நாள்ல காலி. ஃபார்மசிஸ்ட் ஒண்ணும் சொல்லல, காலி அலமாரியக் காட்டுனார், அவ்ளோதான்.

அப்புறம் அந்த நன்கொடைப் பெட்டிங்க. யாரோ குடுத்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காத்துலேந்து ஆக்சிஜனப் பிரிச்சுக் குடுக்கற மெஷின்) 110 வோல்ட்டுது, அங்க கரண்ட் 230. சொருகுன உடனே பொக. அது இன்னும் ஸ்டோர்ல கெடக்கு, மேல பழைய போர்வ அடுக்கியிருக்காங்க.

மருந்தும் அப்படித்தான், வந்து சேரும்போது காலாவதிக்கு ஒரு வருஷமாவது பாக்கி இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, இங்க மிஞ்சுன சாம்பிள் மாத்திரையெல்லாம் கட்டிட்டுப் போகாதீங்க.

டிசம்பர்ல அங்க மழை, மலேரியாவும் ஏற ஆரம்பிச்சிடும், ஒரு கட்டில்ல ரெண்டு புள்ளைங்க படுத்திருக்கும். தனியா பந்தல் போடாம, மலாவி மெடிக்கல் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் வாங்கிட்டு அந்த வார்டு டியூட்டி ரோஸ்டர்ல உங்க பேர சேக்கச் சொல்லுங்க, நைட்டையும் சேத்து. பத்து பேரு ரெண்டு வாரம் போறதுக்கு பதிலா ஒருத்தர் ஆறு மாசம் போங்க, மத்த ஒம்பது டிக்கெட் காசுல வோல்டேஜ் ஸ்டெபிலைசரும் குழந்தைங்களுக்கான பல்ஸ் ஆக்சிமீட்டரும் வாங்கிக் குடுத்து விடுங்க. மாத்திர குடுத்தா அந்த நோட்டுல எழுதுங்க, புரியற கையெழுத்துல.