காலையில ஒரு சட்டம், பின்னேரம் இன்னொரு சட்டமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட விளையாட்டுப் பக்கத்தில கராத்தே எண்டாலே மெடலைக் கடிச்சுக்கொண்டு நிக்கிற பிள்ளைகளின்ர படம்தான் வருது, சந்தோசம், என்ர மகளின்ர படமும் ஒருக்கா வந்தது, வெட்டி அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறன். ஆனா அந்த மெட்டுக்குள்ள, அதான் சண்டை பிடிக்கிற பாய்க்குள்ள, என்ன நடக்குதெண்டு ஒருத்தரும் எழுதுறதா இல்ல, அதுதான் நான் எழுதுறன். நான் வாத்தியார் ஒண்டும் இல்ல. இளந்தாரியா இருக்கேக்க கறுப்புக்கு முந்தின பிரவுன் பெல்ட் வரைக்கும் போய் முழங்கால் குடுத்த கரைச்சலில விட்ட ஆள், இப்ப ஞாயிறு காலமையில வெள்ளவத்தையில இருந்து மகளை கிளாசுக்கு ஏத்தி இறக்குறதுதான் என்ர கராத்தே.

போன மாசம் கொழும்பிலயே ஒரு போட்டி. மகளுக்கு 13 வயசு. எதிர்ப்பக்கம் வந்த பிள்ளை இவளை விட ஒரு முழம் உயரம், கெட்ட பிள்ளையெண்டு சொல்லமாட்டன், பயத்தில கையை விட்டுட்டுது, அது நேர மூக்கில போய் நிண்டுது. மூக்கால ரத்தம். ரெஃபரி 'யமே' சொல்லி நிப்பாட்டி, ஒரு வார்னிங் குடுத்து, பஞ்சு வச்சுத் துடைச்சுப்போட்டு மெச்சைத் தொடரச் சொல்லிட்டார். சரி எண்டு இருந்தா, பின்னேரம் அதே மெட்டில வேற ரெஃபரி, அதே வயசுப் பெடியன் ஒருத்தன்ர கால் மற்றவன்ர கன்னத்தில பட்டும் படாமலும் போனதுக்கு ஒரே அடியா ஹன்சொகு, அதாவது தகுதி நீக்கம், மெச் முடிஞ்சுது, அவன் பெல்டைக் கழட்டிக் கையில வச்சுக்கொண்டு அழுதுகொண்டு போறான், தாய் பின்னால ஓடுறா.

இதில யார் சரி? உலக கராத்தே சம்மேளனத்தின்ர சட்டத்தை எடுத்துப் பார்த்தா 14 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைகளுக்கு முகம், தலை, கழுத்தில ஒண்டுமே படக்கூடாது, லேசாப் பட்டாலும் தண்டனைதான். அப்ப பின்னேர ரெஃபரி கொஞ்சம் கடுமையாப் போனார் எண்டாலும் தண்டனை குடுத்தது பிழையில்ல. காலமை நடந்ததுதான் எனக்கு இண்டைக்கு வரைக்கும் விளங்கேல்ல. பக்கத்தில இருந்த கோச் ஒருத்தரைக் கேட்டா, "அண்ணே, இங்க ரெஃபரிக்கு ரெஃபரி வித்தியாசப்படும்" எண்டு சிரிக்கிறார். இது சிரிக்கிற விசயமா?

கொன்ட்ரோல் எண்டு சென்செய்மார், அதான் கராத்தே வாத்திமார், வாயால சொல்றது சின்ன விசயமில்ல ஐயா. முழு வேகத்தில போற கையை முகத்துக்கு ஒரு விரலளவு முன்னால நிப்பாட்டோணும், அடிக்கிறதை விட அதுதான் கஷ்டம், வருசக்கணக்கா எடுக்கும். ஒரு அடிக்குப் பொயிண்ட் குடுக்கிறதும் அதைப் பார்த்துத்தான், நேரம், தூரம், வடிவம், அடிச்சு முடிஞ்ச பிறகும் எதிரியில கண் இருக்குதா எண்டதெல்லாம் சேர்த்து. ஆனா மேல கலரியில இருக்கிற எங்கட ஆக்கள், "அடி அடி, விடாத" எண்டு கத்துறதைக் கேட்டா சேவல் சண்டை மாதிரி இருக்கும். நானும் ஒரு காலத்தில கத்தினவன்தான், மறைக்கேல்ல.

2021 ஓகஸ்ட்டில டோக்கியோ ஒலிம்பிக் கராத்தே ஃபைனல் கன பேருக்கு ஞாபகம் இருக்கும். சவூதிக்காரர் தாரெக் ஹமேதி 4-1 எண்டு முன்னுக்கு நிக்கிறார், ஒரு காலை விடுறார், ஈரான்காரர் சஜ்ஜாத் கன்ஜ்சாதே மயங்கி விழுந்து ஸ்ட்ரெச்சரில போறார், கட்டுப்பாடில்லாத அடி எண்டு ஹமேதிக்கு ஹன்சொகு, கடைசியில விழுந்தவருக்குத் தங்கம், அடிச்சவருக்கு வெள்ளி. எங்கட வீட்டில அண்டைக்கு ஒரே சண்டை, மச்சான் இதென்ன பைத்தியக்கார விளையாட்டெண்டு டீவியை ஓஃப் பண்ணிட்டார். எனக்கும் ஹமேதியை நினைச்சு மனவருத்தம்தான், சவூதிக்கு முதலாவது ஒலிம்பிக் தங்கமா இருந்திருக்கும். ஆனாலும் தீர்ப்புச் சரி. அந்த மேடையிலயே கொன்ட்ரோல் இல்லாத அடிக்குத் தங்கம் குடுத்தா, எங்கட ஊர் ஹோலில ரெஃபரி என்னத்தைச் சொல்லி ஒரு பெடியனை நிப்பாட்டுறது?

மற்றப் பக்கமும் இருக்கு. சும்மா தட்டினதுக்கே விழுந்து உருளுற ஆக்களும் இருக்கினம், நடிச்சா அதுக்கும் தண்டனை சட்டத்திலயே இருக்கு. தன்னைக் காப்பாத்தாமல் முகத்தைக் குடுத்துக்கொண்டு ஓடிப்போய் விழுந்தா 'முபோபி', அதுவும் குற்றம். விழுந்தவர் 10 செக்கனுக்குள்ள எழும்பேல்ல எண்டா அந்தப் போட்டி முழுக்க சண்டைப் பிரிவில திரும்ப இறங்கேலாது. சட்டம் இல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது, சட்டம் வடிவா இருக்கு. ஒவ்வொரு போட்டியிலயும் எந்தச் சட்டம் எண்டதுதான் குழப்பம், சில இடத்தில ஒரு இப்பொன், அதாவது ஒரு முழுப் பொயிண்ட், எடுத்தாலே மெச் முடியிற பழைய முறை, சில இடத்தில பஞ்சுக்கு 1, வயிற்றுக்கு உதைச்சா 2, தலைக்கு உதைச்சா 3 எண்டு சேர்த்துக்கொண்டு போற முறை, பிள்ளை ஒண்டைப் பழகி மற்றதில இறங்குது.

பாதுகாப்புச் சாமானுக்கும் வாறன். 14க்குக் கீழ ஃபேஸ் மாஸ்க் போடோணும், ஆனா அண்டைக்கு பாதிப் பிள்ளைகளுக்கு இல்ல, இல்லாததுகள் ரெண்டே ரெண்டை வேர்வையோட மாத்தி மாத்திப் போடுதுகள். கையில மிட், அதான் பஞ்சு வச்ச கையுறை, இருக்குத்தானே எண்டு சொல்றாங்க. மிட் கூடுதலாக் காப்பாத்துறது அடிக்கிறவரின்ர விரலைத்தான், தலைக்குள்ள மூளை குலுங்கிறதை அது தடுக்காது, மவுத் கார்டும் பல்லுக்குத்தான். தலையில அடி வாங்கி மண்டை கிறுகிறுக்கிற பிள்ளையை அண்டைக்கே திரும்ப இறக்கினா ரெண்டாவது அடி சின்னதா இருந்தாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். இதைப் பார்த்துச் சொல்ல ஒரு டொக்டர் மெட்டுக்குப் பக்கத்தில இருக்கோணும், அண்டைக்கு இருந்தது ஐஸ் பக்கெட்டோட ஒரு தம்பி மட்டும்.

நான் கேக்கிறது பெரிசில்ல. எந்தச் சட்டம், எந்த வயசுக்கு எவ்வளவு படலாம் எண்டு ஒரு பக்கத்தில தமிழிலயும் சிங்களத்திலயும் அடிச்சு என்ட்ரி ஃபோர்மோட குடுங்கோ. காலமை ரெஃபரிமார் எல்லாரையும் ஒண்டா இருத்தி அதை ஒருக்கா வாசிக்க வையுங்கோ. டொக்டர் வராம முதல் மெச்சைத் தொடங்காதேங்கோ.

மகள் அடுத்த போட்டிக்குப் பேர் குடுத்திட்டா. மாஸ்க் வாங்கியாச்சு, விலையைக் கேட்டு மனிசி இன்னும் என்னோட கதைக்கேல்ல.

இப்படிக்கு,
ஒரு கராத்தே அப்பா,
வெள்ளவத்தை, கொழும்பு 6.