கட்சி நன்கொடைக்குப் பங்குதாரர் ஓட்டு வேண்டும்

மத்திய கார்ப்பரேட் விவகாரங்கள் அமைச்சகத்துக்கு, வணக்கம்.

ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை ஒரு பெரிய நிறுவனத்தின் பங்குகளில் போட்டிருக்கிறேன். அதன் ஆண்டறிக்கையில் இதர செலவுகளுக்கு நடுவே ஒரு வரி இருந்தது: தேர்தல் அறக்கட்டளைக்கு நன்கொடை. நிறுவனங்களிடம் வாங்கிக் கட்சிகளுக்குக் கொடுக்கும் அமைப்பு அது. தொகை கோடிகளில். அந்தப் பணம் கடைசியில் எந்தக் கட்சிக்குப் போனது என்பதற்கு ஒரு வார்த்தையும் இல்லை.

சரி, பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்தில் கேட்டுவிடுவோம் என்று முன்கூட்டியே பெயர் பதிந்தேன். கூட்டம் காணொளியில்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். என் முறை வந்ததும் பக்க எண்ணைச் சொல்லி, "இந்த நன்கொடை..." என்று தொடங்கினேன். மைக்கை அணைத்துவிட்டார்கள். திரையில் என் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பதில் மின்னஞ்சலில் வரும் என்றார் தலைவர். நான்கு மாதமாகிறது, வரவில்லை.

பின்னணி உங்களுக்குத் தெரியும். கட்சி நன்கொடைக்கு, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பை 2017இல் நீக்கினீர்கள். 2024 பிப்ரவரி 15 அன்று கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் தரவிட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தோடு அந்தத் திருத்தத்தையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனாலும் பணத்துக்குச் சொந்தக்காரர்களை இன்றுவரை யாரும் கேட்பதில்லை. நிறுவனச் சட்டத்தின் 181ஆவது பிரிவின்படி, தர்ம காரியத்துக்கே அந்தச் சராசரி லாபத்தில் 5 சதவீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டுமானால் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். அடுத்த பிரிவில், கட்சிக்குக் கொடுக்க இயக்குநர் குழுவின் தீர்மானமே போதும். தர்மத்துக்கு எங்கள் அனுமதி வேண்டும், கட்சிக்கு வேண்டாம் என்றால் என்ன நியாயம்?

உரிமம், டெண்டர், வரிச்சலுகை எல்லாம் அரசின் கையில் இருக்கின்றன. அரசை நடத்தும் கட்சிக்கு நிறுவனம் பணம் தருகிறது. விரும்பித் தந்ததா, பயந்து தந்ததா, எதையாவது எதிர்பார்த்துத் தந்ததா? எதுவானாலும் போனது எங்கள் பணம். நாளைக்கு வழக்கு, விசாரணை என்று வந்து பங்கு விலை சரிந்தால் அடி வாங்குவதும் நாங்கள்தான். இதைக் கேட்கப்போனால் மைக்கை அணைக்கிறார்கள்!

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், குறிப்பிட்ட தொகைக்கு மேல் அரசியல் நன்கொடை தரப் பங்குதாரர் ஒப்புதலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதையே இங்கும் கேட்கிறேன். 182ஆவது பிரிவைத் திருத்துங்கள். நன்கொடை கொடுப்பதற்கு முன் எங்கள் ஓட்டைக் கேட்கச் சொல்லுங்கள். அறக்கட்டளை வழியாகக் கொடுத்தாலும், பணம் போய்ச் சேர்ந்த கட்சியின் பெயரை ஆண்டறிக்கையில் போடச் சொல்லுங்கள். பொதுக்கூட்டத்தில் பங்குதாரர் கேள்வியை முடிக்கும்வரை மைக்கை அணைக்கக் கூடாது என்றும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

பணிவுடன்,
ஒரு சிறு பங்குதாரர்