நடக்க மறுக்கும் குதிரைக்குட்டி: தோவாளைத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

அந்தியூர் ஆடிச் சந்தையில் நீ வாங்கிவந்த ஆண்குட்டி தோப்புக் கதவைத் தாண்டாமல் நாலு காலையும் ஊன்றி நிற்கிறது, இழுத்தால் பின்னாலேயே போகிறது, இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தபோது முன்காலைத் தூக்கி எழும்பிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். முதல் வேலையாக அந்த இரண்டாவது ஆளை நிறுத்து. ஒன்றரை வயதுக் குட்டி 200 கிலோவுக்கு மேல் இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தாலும் பலத்தால் அதை நடக்கவைக்க முடியாது. இழுக்க இழுக்க அதன் கழுத்துக்குத்தான் கேடு.

உங்கள் பக்கம் உழவுமாடு பழக்கிய கைகள் நிறைய. அந்தக் கைப்பழக்கம் குதிரையிடம் இடைஞ்சல். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு உண்டு. மூக்கு வலிக்குமே என்று இழுத்த திசைக்கு வந்துவிடும். குதிரைக்குத் தலைக்கயிறு மட்டும்தான். முன்னால் இழுத்தால் அது காதுகளுக்குப் பின்னால் உச்சிப் பிடரியில் அழுத்தும். பழகாத குதிரை அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தலையைத் தூக்கிப் பின்னால் தள்ளும். அது பிறவிக் குணம், உன் மேல் உள்ள கோபம் இல்லை. இணங்கினால் அழுத்தம் போய்விடும் என்பது அதற்கு இன்னும் தெரியாது.

அதைத் தெரியவைப்பதுதான் மொத்த வேலையும். கயிறு இறுகும்போது குட்டி எதையும் கற்பதில்லை, தளரும்போதுதான் கற்கிறது. என்ன செய்துகொண்டிருந்தபோது கயிறு தளர்ந்ததோ, அதையே அடுத்த தடவையும் செய்யும். பின்வாங்குகிறதே என்று பயந்து கயிற்றை விட்டாயானால், பின்வாங்கினால் விடுதலை என்று நீயே சொல்லிக்கொடுத்துவிட்டாய். உன் குட்டி இப்போது அதை நன்றாகப் படித்து வைத்திருக்கிறது.

தொடங்குமுன் சில காரியம். அந்தியூரிலிருந்து உங்கள் ஊருக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் லாரிப் பயணம். ஒன்றிரண்டு வாரம் சும்மா விடு. தீனியும் தண்ணீரும் உன் கையால் போகட்டும். பல ஊர்க் குதிரைகளோடு நின்று வந்ததால் தாடைக்கு அடியில் வீக்கம், மூக்கில் கெட்டியான சளி, காய்ச்சல் இருக்கிறதா என்று தினமும் பார். இருந்தால் தனியே கட்டிக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடு. டெட்டனஸ் தடுப்பூசி போட்டதா என்றும் கேள். கயிறு அறுத்த சின்னக் காயம்கூடக் குதிரைக்கு அந்த நோயைக் கொண்டுவரும். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராக இருந்தால் தலைக்கயிற்றில் மூக்கைச் சுற்றி வரும் மூக்குப் பட்டை கன்னத்தை அதன்மேல் வைத்து அழுத்தும். குளம்புக்குள் கல் மாட்டியிருந்தாலும் நடக்காது. வலியால் நிற்கிற குட்டியைப் பிடிவாதம் என்று சொல்லிப் பழக்குவது பாவம்.

தலைக்கயிறு அகல நாடாவில் இருக்கட்டும். தும்புக்கயிறு கன்னத்தை உரசிப் புண்ணாக்கும். மூக்குப் பட்டை கன்ன எலும்பின் நுனிக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். அதற்கும் கீழே இறங்கினால் எலும்பு முடிந்து குருத்தெலும்பு, அங்கே அழுத்தினால் மூச்சுக்கு இடைஞ்சல். பட்டைக்கும் முகத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் விடு. கைக்கயிறு பருத்தியில், கட்டைவிரல் தடிமனில், 10 முதல் 12 அடி. மெல்லிய நைலான் ஒரே இழுப்பில் உள்ளங்கைத் தோலை எடுத்துவிடும். வாயில் கடிவாளம் இப்போது வேண்டாம். வேலை முடிந்து அவிழ்த்துவிடும்போது தலைக்கயிற்றையும் கழற்று. பின்காலால் காதைச் சொறியும்போது குளம்பு அதில் மாட்டிக்கொண்டால் கழுத்து ஒடியும்.

கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றாதே. மிச்சத்தை மடித்து மடித்து இடது கையில் பிடி, வலது கை கொக்கியிலிருந்து ஒரு அடி தள்ளி. ரப்பர் செருப்போடு குதிரைப் பக்கத்தில் நிற்காதே, ஷூ போடு. நிற்கிற இடம் அதன் இடது தோளுக்கும் தலைக்கும் நடுவில், ஒரு கை நீளம் விலகி. முன்னால் போய் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இழுப்பது எல்லாரும் செய்வது, அதுதான் குட்டியை நிறுத்துவதும். எதிரே நின்று முறைப்பவரை நோக்கி அது வராது. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாத இடம் உண்டு. அங்கிருந்து திடீரென்று கை நீட்டாதே.

இனி முதல் அடி. நேராக இழுக்காமல், கயிற்றை உன் பக்கமாகச் சரிவாக, முன்னாலும் பக்கவாட்டிலும் பாதிப் பாதியாகக் கொஞ்சமாக இறுக்கு. நேர் இழுப்புக்கு நாலு காலையும் ஊன்றி எதிர்த்து நிற்கலாம். பக்க இழுப்புக்கு நிலை தடுமாறும், ஒரு காலையாவது எடுத்து வைத்தே ஆகவேண்டும். இறுக்கியதைக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், அப்படியே பிடித்துக்கொண்டு காத்திரு. குட்டி எடையை உன் பக்கம் சாய்த்தாலே போதும், அந்த நொடியே கயிறு தொய்ந்துவிட வேண்டும். பிடரிமுடி முடிகிற மேட்டில் விரலால் சொறிந்துகொடு. குதிரைகள் ஒன்றை ஒன்று அங்கேதான் சொறிந்துகொள்ளும், மனம் அடங்கும். பிறகு ஒரு அடி, அப்புறம் இரண்டு, அப்புறம் வலது பக்கம் திரும்பி ஒன்று. ஒவ்வொரு தடவையும் 'வா' என்ற சொல் முதலில், கயிறு அதற்குப் பின்னால். நாளாக நாளாகச் சொல்லுக்கே நடக்கும். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், அப்பா 'ஹே' என்றும் நீ 'வா' என்றும் சொன்னால் குழம்பும்.

நேரம் பத்துப் பதினைந்து நிமிஷம், காலையும் மாலையும். நல்லபடியாக ஒரு அடி வைத்த இடத்தில் நிறுத்திவிடு. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நீட்டினால் களைத்துப்போய் மறுக்கும், மறுப்போடு முடிந்துபோகும்.

பின்வாங்கினால் நீயும் கூடவே போ. இறுக்கம் மாறக்கூடாது. கால்கள் நின்று, முன்னால் ஒரு அசைவு வந்ததும் விடு. பத்தடி பின்னால் போனாலும் பரவாயில்லை, பின்னால் சுவரோ கம்பிவேலியோ இல்லாத இடமாகப் பார்த்துக்கொள். எழும்பினால் நேர்மாறு: கயிற்றை உடனே தளர்த்திப் பக்கவாட்டில் விலகு. கீழே இழுத்தாயானால் மல்லாந்து விழும். விழுந்து உச்சிப் பிடரியில் அடிபட்டால் உயிர் தங்காது. இது ஒன்றை மட்டும் மறக்காதே. கால் தரையில் பட்டதும், நடந்ததைப் பெரிதாக்காமல் அதே சரிவில் மறுபடி கேள்.

ஊன்றி நின்றே இருந்தால் நாலடிக் கம்பு ஒன்றை இடது கையில் பிடித்து, உன் முதுகுப்பக்கமாக நீட்டி விலாவுக்குப் பின்னால் மெதுவாகத் தட்டு, தட்டு, தட்டு. அடி இல்லை, தொந்தரவு. காலெடுத்ததும் கம்பு நிற்க வேண்டும். நீ திரும்பிப் பார்க்காமல் போகிற திசையையே பார். பின்தொடையைச் சுற்றிக் கயிறு போட்டு இழுக்கிற முறையும் உண்டு. நல்ல முறைதான், ஆனால் கயிறு முதலில் பின்கால்களில் உரசிப் பழகியிருக்க வேண்டும். பழகாத குட்டிக்குப் போட்டால் அது முழங்காலுக்கு இறங்கி உதைக்கவைக்கும். அதனால் இப்போதைக்குக் கம்பு போதும். பைக்கிலோ வண்டியிலோ கட்டி இழுக்கச் சொல்லுகிறவர்கள் வருவார்கள், கேட்காதே. நடை பழகாத குட்டியை மரத்தில் இறுக்கிக் கட்டுவதும் ஆகாது. அழுத்தத்துக்கு இணங்கத் தெரியாமல் பின்னால் பாய்ந்து கழுத்தை முறித்துக்கொள்ளும். இணங்கிய பிறகு தென்னையில், அதன் தோள் உயரத்துக்கு மேல், ஒரு கை நீளக் கயிற்றில், நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சாகக் கட்டலாம்.

கருப்பட்டி கையில் வைத்துத் தின்னக் கொடுக்கிறாய் என்று தெரிகிறது. ஆண்குட்டி அதிலிருந்து நேராகக் கடிக்கப் போகும், சட்டைப்பையைத் தேடும். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் விரல்நகம் அளவு, வாளியில். இனிப்பு மிஞ்சினால் குளம்புக்குள் வீக்கம் வரும்.

கதவுதான் அதற்குச் சிக்கல் என்றால் காரணங்கள் இரண்டு. ஒன்று, தோப்புக்குள் நிற்கிற பெட்டைக் குதிரையை விட்டுப் போக மனசில்லை. பெட்டையை ஒருவர் முன்னால் பிடித்து நடக்க, குட்டி பின்னால் வரட்டும். ஒவ்வொரு நாளும் இடைவெளியைக் கூட்டு. இன்னொன்று வெளிச்சம். தோப்பு நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போது குதிரையின் கண் பழக நேரமெடுக்கும். வாசலில் நிறுத்தி, தலையைத் தாழ்த்தி மோந்து பார்க்கக் கயிறு தொய்வாக விடு. கலங்கிய மழைத்தண்ணீர், சானல் என்கிற பாசனக் கால்வாய் மேல் கிடக்கும் பாலம், புதுத் தார் எல்லாவற்றுக்கும் இதேதான். தலையை நிமிர்த்திப் பிடித்தால் காலடியில் இருப்பது அதற்குத் தெரியாது.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள். ஆடியில் அது சுழற்றுகிற நாளில் எங்கிருந்து சத்தம் வருகிறது, வாசனை வருகிறது என்று குட்டியால் பிரித்தறிய முடியாது, எல்லாமே மிரட்டும். முப்பந்தல் பக்கம் காற்றாலை இறக்கையின் நிழல் தரையில் ஓடுவது இன்னும் மோசம். காற்று தணிந்த நேரம் பார், புதுப் பாடம் அந்த வேளையில் மட்டும். பூச்சந்தை டெம்போக்கள் ஓடுகிற அதிகாலையில் ரோட்டுப் பக்கமே போகாதே. சானல்கரை மண்பாதை நல்லது. ராஜாக்கமங்கலம் கடற்கரை ஆழமணல் வேண்டாம், இளம் தசைநாருக்குப் பாரம்.

வலது பக்கமும் பழக்கு, முதலிலிருந்து புதிதாக. ஒரு பக்கம் வந்தது மறுபக்கம் தானாக வராது. இதற்கு வேறொரு காரணமும் உண்டு: ரோட்டில் இடது ஓரமாகப் போகும்போது வண்டிகளுக்கும் குதிரைக்கும் நடுவில் நீதான் நிற்க வேண்டும், அதாவது அதன் வலது பக்கம். வண்டிக்கு மிரண்டால் அது பெரும்பாலும் ஓரத்துக்குத்தான் துள்ளும், பஸ்ஸுக்கு முன்னால் அல்ல. 'நில்' என்றால் நிற்கவும், மார்பில் விரல் வைத்தால் மூன்றடி பின்வாங்கவும் கற்ற பிறகே ரோடு.

மருத்துவர் பல்லையும் தாடையையும் பார்த்த பிறகு என்ன சொன்னார் என்று எழுது. குளம்பு தூக்கப் பழக்குவது அதற்கு அடுத்தது.

அன்புடன்,
குதிரை பழக்கும் உன் அண்ணன்மார்