மலிவு விலை கேமரா: மெகாபிக்சலை விட்டு லென்ஸைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிதாகப் படமெடுக்கக் கற்பவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் ஏற்ற மலிவு விலை டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களை (உள்ளே ஆடி வைத்த, லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய வகை) பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மெகாபிக்சலையும் விலையையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட அக்கட்டுரை, லென்ஸின் மோட்டாரையும் பூஞ்சையையும் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கேமரா வாங்கிய சில மாதங்களிலேயே தொல்லை கொடுப்பவை இவ்விரண்டும்தான். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, சேலத்து மூக்கனேரி ஏரிக்கரைக்கும் ஏற்காட்டு மலைக்கும் கேமராவும் கையுமாக அலைந்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கட்டுரை எடுத்துக்கொண்ட நிக்கான் டி3500, கேனான் 1500டி ஆகிய இரண்டுமே 2018ஆம் ஆண்டில் வெளிவந்தவை. இரண்டும் 24 மெகாபிக்சல் படம் தருபவை. 12 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 9 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே தேவைப்படுகிறது என்னும்போது, இந்த எண்ணை முன்வைத்து ஒன்றை உயர்த்தியும் மற்றொன்றைத் தாழ்த்தியும் பேசுவதற்கு இடமே இல்லை. உண்மையான வேறுபாடுகள் வேறு இடத்தில் உள்ளன. டி3500 ஒருமுறை மின்னேற்றினால் 1,550 படங்கள் வரை தாங்கும் என்று அதன் நிறுவனம் கூறுகிறது; 1500டிக்கு அது 500. அதிகாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு மலையேறி, மாலை மயங்கிய பின் இறங்குபவருக்கு இது சிறிய செய்தி அன்று.

ஆனால் டி3500இன் உள்ளே போகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. லென்ஸிலேயே மோட்டார் இருந்தால்தான் அது தானாகப் போகஸ் செய்யும். என்னிடம் படித்த மாணவர் ஒருவர், செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததென்று நிக்கானின் பழைய 50 மி.மீ. எப் 1.8 டி லென்ஸை வாங்கி வந்து, கேமரா பழுதென்று என்னிடம் நீட்டினார். கேமராவில் பழுது ஒன்றும் இல்லை. விற்றவர் இதைச் சொல்லவில்லை, வாங்கியவருக்குக் கேட்கத் தெரியவில்லை. இத்தகைய நிக்கான் கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸின் பெயரில் ஏ.எப்.-எஸ். அல்லது ஏ.எப்.-பி. என்ற எழுத்துகள் உள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும். கேனானில் இந்தத் தொல்லை இல்லை; 1987இல் அது தொடங்கிய இ.எப். வரிசையில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால், பழைய ஆட்டோ போகஸ் லென்ஸும் 1500டியில் தானாகவே இயங்கும்.

கேமராவோடு வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸே போதாதா என்று கேட்கலாம். நல்ல வெயிலில் போதும். எப் எண் குறையக் குறைய, ஒளி நுழையும் லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும். 55 மி.மீ.யில் அந்த லென்ஸின் வாய் எப் 5.6 அளவுக்கே திறக்கும், எப் 1.8 லென்ஸோ அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். காப்பித் தோட்டத்தின் சில்வர் ஓக் நிழலிலும், ஆடி மாதத்துக் கோட்டை மாரியம்மன் கோயில் இரவிலும் படமெடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த 10 மடங்கின் அருமை தெரியும். ஆகவே விலையுயர்ந்த கேமராவுக்குச் செலவிடும் பணத்தில் குறைந்த விலைக் கேமராவையும் இத்தகைய லென்ஸ் ஒன்றையும் வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

அடுத்தது பூஞ்சை. நான் வாங்கிய பழைய 55-250 மி.மீ. ஜூம் லென்ஸைக் கடையின் விளக்கொளியில் பார்த்தபோது கண்ணாடி பளிங்குபோல்தான் இருந்தது. ஏற்காட்டில் உறவினர் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுவதும் அதைத் தோல் பையிலேயே வைத்துவிட்டேன். பிறகு எடுத்துப் பார்த்தால் உட்புறத்தில் சிலந்தி நூல் பின்னியதுபோல் படர்ந்திருந்தது. அது முன்பே உள்ளே இருந்து வளர்ந்ததா, என் கவனக்குறைவால் வந்ததா என்பதை இன்றுவரை நான் தீர்மானிக்கவில்லை. கடைக்காரரைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. அதன் பிறகு, எந்தப் பழைய லென்ஸானாலும் கேமராவிலிருந்து கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் விளக்கைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பார்த்த பின்னரே விலை பேசுகிறேன். கேனான் லென்ஸைக் கழற்றினால் அதன் வாய் திறந்தே இருக்கும். வாயைத் திறந்து மூடும் வளையமில்லாத நிக்கான் லென்ஸ்களில் பின்புறமுள்ள சிறு நெம்புகோலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க முடியும். கேமராவின் உள்ளே படம் பதியும் சென்சாரைச் சோதிக்க, லென்ஸின் வாயை எப் 16க்குச் சுருக்கி வெறும் வானத்தைப் படமெடுத்தால், படிந்த தூசு கரும்புள்ளிகளாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

மலையில் வசிப்பவர்கள் தோல் பையைத் தவிர்த்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டுக் கேமராவை வைப்பது நல்லது. சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரிலிருந்து சேலத்து வெக்கைக்கு இறங்கியதும் பையைத் திறக்காமல் அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் பூத்துவிடும்.

ஏற்காட்டின் பகோடா பாயிண்டில் மூடுபனியை எடுத்துவிட்டு, படம் அழுக்குச் சாம்பலாக வருகிறதென்று கேமராவைக் குறைகூறும் இளைஞர்களையும் பார்க்கிறேன். எல்லாக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கொள்ளும்படி கேமராவின் ஒளிமானி அமைக்கப்பட்டுள்ளது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு படி கூட்டினால் பனி வெண்மையாகிவிடும். எந்த விலைக் கேமராவிலும் இதை நாமே செய்தாக வேண்டும்.

மூக்கனேரியில் பறக்கும் பறவைகளை எடுக்க விரும்பும் ஆர்வலர்களுக்கு டி3500இன் 11 போகஸ் புள்ளிகளும் 1500டியின் 9 புள்ளிகளும் போதா. அமர்ந்திருக்கும் பறவைக்குப் போதும். உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்துவிட்டதே என்ற வாதமும் சரியே. பலர் அதற்கு மாறிக்கொண்டிருப்பதால்தான் நல்ல லென்ஸ்கள் பழைய சந்தைக்கு வருகின்றன. என்னைக் கேட்பவர்களுக்கு 1500டியையும் கேனானின் 50 மி.மீ. எப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸையுமே சொல்கிறேன். மின்கலம் நெடுநேரம் தாங்குவதே முக்கியமென்று கருதி, லென்ஸின் பெயரைப் பார்த்து வாங்கும் பொறுமையும் உள்ளவர்களுக்கு டி3500.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, கேமராவில் மோட்டார் உண்டா, எந்த லென்ஸ்கள் தானாக இயங்கும், உதிரி மின்கலம் கிடைக்கிறதா என்ற மூன்று விவரங்களையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
கன்னங்குறிச்சி, சேலம்.