பிஓ-1க்கு 3 போடச் சொல்கிறீர்கள், லேப்பைத் திறக்கச் சொல்கிறோம்

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயாவுக்கும் ஹெச்ஓடி மேடத்துக்கும்,

எம்.இ. பவர் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் சார்பில் எழுதுகிறேன். போன வாரம் எக்ஸிட் சர்வே படிவம் வந்தது, படிப்பில் என்ன திறன் வந்தது என்று நாங்களே மதிப்பெண் போட வேண்டும், 3தான் உச்சம். கூடவே, படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் என்பிஏவின் வருகைக்காக வகுப்பு வாட்ஸ்அப்பில் 'என்பிஏ குழு வருகிறது, எல்லாவற்றுக்கும் 3 போட்டுவிடுங்கள்' என்று ஒரு செய்தியும். முதல் கேள்வியே பிஓ-1, அதாவது படிப்பு முடியும்போது எங்களுக்கு வந்திருக்க வேண்டிய திறன்களில் (ப்ரோக்ராம் அவுட்கம்) முதலாவது. நடைமுறைச் சிக்கல்களைத் தீர்க்கும் ஆராய்ச்சியையும் மேம்பாட்டுப் பணியையும் சொந்தமாகச் செய்யும் திறன் வந்துவிட்டதா என்று கேட்கிறது.

வந்திருக்கும் மேடம், லேப் திறந்திருந்தால்.

பகல் முழுக்க பவர் எலக்ட்ரானிக்ஸ் லேப் பி.இ. பிள்ளைகளுக்கு. சரி, அவர்களுக்கும் வேண்டியதுதான். அவர்கள் முடித்துக் கிளம்பும்போது காலேஜ் பஸ்ஸும் கிளம்பிவிடும், லேப் அசிஸ்டென்ட் அண்ணனும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும், பூட்டிவிட்டுப் போகிறார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் ஃபேஸ் 2 ப்ராஜெக்ட்டை நாங்கள் எப்போது செய்வது?

கிடைக்கிற கொஞ்ச நேரத்திலும், எர்த்தோடு சேராமல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வோல்டேஜை அளக்கும் டிஃபரன்ஷியல் ப்ரோப் கிடையாது. சாதாரண ப்ரோப்பின் கிரவுண்ட் கிளிப், அலைவடிவத்தைத் திரையில் காட்டும் டிஎஸ்ஓ (டிஜிட்டல் ஆசிலோஸ்கோப்) வழியாக எர்த்தோடு சேர்ந்தே இருக்கும். 230 வோல்ட் மெயின்ஸை நேராக ரெக்டிஃபை செய்து ஓடும் இன்வெர்ட்டரில், மேல்பக்க மாஸ்ஃபெட் சுவிட்ச்சின் கேட் சிக்னலைப் பார்க்க அதை மாட்டினால் ஷார்ட்தான். அதனால் சீனியர்கள் காலத்திலிருந்து இங்கே ஒரு வழக்கம், டிஎஸ்ஓ பிளக்கில் எர்த்தைத் துண்டித்துவிட்டு அளப்பது. அப்போது டிஎஸ்ஓவின் வெளி உலோகப் பாகங்களே 300 வோல்ட்டைத் தாண்டி நிற்கலாம், கை பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பி.இ. முதலாண்டில் எர்த்திங் ஏன் தேவை என்று எங்களுக்குப் பாடம் எடுத்ததும் இதே துறைதான்.

பலரும் சிமுலிங்க் மென்பொருளில் அலைவடிவம் எடுத்துக்கொண்டு, ஹார்டுவேருக்கு டவுனில் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டுகிறார்கள். தெரியாதது போல வைவாவும் நடந்துவிடுகிறது. கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணோடு வந்தவருக்காவது மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. மற்றவர்கள் ப்ரோப்பைக் கைக்காசில் வாங்க முடியுமா?

பிஓ-2 பற்றிக் குறையே இல்லை. அறிக்கை எழுதும் திறன்தானே, அதில் இந்தத் துறையை மிஞ்ச ஆள் கிடையாது. பாடத்துக்கொரு ஃபைல், ஃபைலுக்குள் பாடத்தின் இலக்குகளை (சிஓ) பிஓக்களோடு பொருத்தும் சிஓ-பிஓ அட்டவணை, அதில் 1, 2, 3 என்று எண்கள். கேள்வித்தாளில் பழைய 'விளக்குக'வை அடித்து 'மதிப்பிடுக' என்று மாற்றியதும், சிந்தனைத் திறனைப் படிப்படியாக அடுக்கும் ப்ளூம் வகைப்பாட்டில் நாங்கள் மேலே ஏறிவிட்டோம்! கேள்வி என்னவோ போன வருடத்துக் கேள்விதான்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது இதுதான்: வாரத்தில் மூன்று நாளாவது இரவு எட்டு மணிவரை லேப்பைத் திறந்து வையுங்கள், ஒரு டிஃபரன்ஷியல் ப்ரோப் வாங்கித் தாருங்கள். கூட ஒரு ஆசிரியரோ ரிசர்ச் ஸ்காலரோ இருந்தால் போதும், சாவிக்குக் கையெழுத்துப் போட நாங்கள் தயார். காலேஜ் பஸ்ஸும் வேண்டாம், டவுன் பஸ்ஸில் போய்க்கொள்கிறோம். லேப்பை மட்டும் திறந்து வையுங்கள். அதுவரை பிஓ-1க்கு நாங்கள் போட்ட 1 அப்படியே இருக்கட்டும், மாற்றச் சொல்லித் தயவுசெய்து யாரையும் தனியாகக் கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
எம்.இ. இரண்டாம் ஆண்டு மாணவன்